ஒன்று இல்லாத கடிதம்

அத்தியாயம் 6

"முதல் பக்கத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அது போதும்."

ஜெனரலின் மகள் இதைச் சொன்ன விதத்தில் அவசரமோ கோபமோ துளிகூட இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வாய் மரத்திருக்குமே, அப்படி இருந்தது அந்தக் குரல். எங்கள் மேஜையின்மேல் ஏழு கடிதங்களை வரிசையாக வைத்தாள். பக்கத்தில் அவளே எழுதிய புத்தகத்தின் அச்சுப் பிரதி. முந்நூற்றுப் பத்துப் பக்கங்களில் அப்பாவின் நாற்பது வருட ராணுவ வாழ்க்கை. மாலை ஐந்து மணிக்கு அச்சகத்தார் போன் செய்வார்கள். அவள் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். அப்போது மணி ஒன்று இருபது.

அண்ணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடிதங்களைக் கையில் எடுத்தாள். அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருடம் தபால் இலாகாவில், முகவரி புரியாத கடிதங்களைப் பிரித்துப் படித்து, எழுதியவரையும் உரியவரையும் தேடும் பிரிவில் வேலை பார்த்தவள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான். நாங்களெல்லாம் அதை இலவசமாகச் செய்தோம். ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, இன்ஷூரன்ஸ் வேலை போய் வீட்டில் கிடந்த என்னையும் சேர்த்துக்கொண்டாள். கார் ஓட்டுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் வேலை. கார் நன்றாக ஓட்டுவேன்.

ஏழும் கையெழுத்தில்லாத கடிதங்கள். கம்ப்யூட்டரில் அடித்தவை. பத்து வாரங்களில், ஏழு வெவ்வேறு தபால் பெட்டிகளில் போடப்பட்டவை. அண்ணி கடைசியாக வந்த ஏழாவதை என் பக்கம் தள்ளினாள்.

*நூலாசிரியருக்கு. இது உங்கள் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் பற்றியது.*

*2. குன்றின் உச்சியில் இருந்த காவல் நிலையை விட்டுக் கேப்டன் தானாக இறங்கவில்லை. இறங்கச் சொல்லிக் காலை ஆறு பத்துக்குத் தொலைபேசியில் உத்தரவு வந்தது. இணைப்பில் இருந்த கார்ப்பரலும் அதைக் கேட்டார்.*

*3. உத்தரவு கொடுத்தது அப்போது தலைமையில் இருந்தவர். பிரிகேடியர் விசாரித்தபோது அவர் மறுத்தார். குன்றைத் திரும்பப் பிடிக்க மாலையில் மேலே போனவர்களில் பதினோரு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சமையல்கார லான்ஸ் கார்ப்பரல். அவர் போக வேண்டிய அவசியமே இல்லை.*

"ரெண்டுல ஆரம்பிக்குது பாருங்க," என்றாள் மகள். "ஏழுமே அப்படித்தான். மேல நம்பர் இல்லாம ஒரு வரி, அப்புறம் நேரா ரெண்டு. ஒன்னாம் நம்பர் இருக்கிற பக்கத்தை எழுதினவன் கையில வெச்சிருக்கான். புத்தகம் வெளியில வந்ததும் அதைக் காட்டி மிரட்டுவான்."

"நானும் பரீட்சையில இப்படித்தான் எழுதுவேன்," என்றேன். "ஒன்னாவது கேள்விக்குப் பதில் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. மகள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"புத்தகத்துல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"ஊருக்கே தெரிஞ்சதுதான். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கேப்டன் பயந்து குன்றை விட்டுட்டு இறங்கிட்டார். அப்பா அன்னிக்குச் சாயங்காலமே ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய்த் திரும்பப் பிடிச்சார். அதுக்குத்தான் மெடல். அங்கிருந்துதான் கர்னல், பிரிகேடியர், ஜெனரல் எல்லாம்." ஒப்பிப்பது போலச் சொன்னாள். "எழுதினவனுக்கு அப்பாமேல எவ்வளவு வெறுப்பு பாருங்க. சமையல்காரருக்குக்கூட ரேங்க் போட்டிருக்கான். அப்பாவை மட்டும் 'தலைமையில் இருந்தவர்'. ஏழு கடிதத்துலயும் ஒரு இடத்துல கூட ரேங்க் கிடையாது."

"அந்த போன்ல எத்தனை பேர்?"

"மூணு பேர். அப்பா, கேப்டன், நடுவுல லைன் போட்டுக் குடுத்த கார்ப்பரல். கேப்டன்தான் எழுதியிருக்கணும். இப்ப டிரைவிங் ஸ்கூல் நடத்தறார். அவர்தான்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா போதும். அது பழைய வயித்தெரிச்சல், புத்தகம் போகட்டும்னு விட்டுடுவேன்."

"வேற யாராவதா இருந்தா?"

மகள் கைப்பையின் ஜிப்பை மூடினாள். திறந்து மறுபடி மூடினாள். "அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு பழைய கிடங்கின் பின்புற முற்றம்தான் பள்ளிக்கூடம். சிமெண்ட் தரையில் மஞ்சள் கோடுகள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகள், அவற்றில் பாதி நசுங்கியவை. ஒரு சிறிய காரை ஓர் அம்மாள் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில், தன் பக்கத்து பிரேக்கின்மேல் கால் வைத்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அறுபத்து நாலு வயது மனிதர்.

"கண்ணாடிய மட்டும் நம்பாதீங்கம்மா. திரும்பிப் பாருங்க."

ஒரு கூம்பு காலியானது. அவர் இறங்கி அதை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"லைசென்ஸா?"

"இல்லீங்க, ஒரு கடிதம்," என்றாள் அண்ணி. "நீங்க எழுதினதுன்னு ஜெனரலோட பொண்ணு சொல்றாங்க."

அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மாறும் என்று உன்னிப்பாகப் பார்த்தேன். ஏதோ மளிகைக் கடையின் பெயரைச் சொன்னது போல அவர் தலையாட்டினார். ஆபீஸ் அறைக்குள் போனோம். ஒரு மேஜை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், போக்குவரத்துக் குறிகள் அச்சடித்த பெரிய அட்டை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

"ஒன்னு காணோம் சார்," என்றேன். "அதைத்தான் தேடிட்டிருக்கோம்."

"காணாமப் போகல. ஆபீசருங்க தனிப்பட்ட முறையில எழுதற கடிதத்துல முதல் பாராவுக்கு நம்பர் போட மாட்டோம். அடுத்த பாராவுல இருந்துதான் ரெண்டு, மூணு. பயிற்சிக்குப் போன முதல் மாசமே மண்டையில ஏத்திடுவாங்க. ஒருத்தர் தன் பெண்டாட்டிக்கு அப்படி எழுதிட்டு ஒரு வருஷம் திட்டு வாங்கினார்."

நான் அண்ணியைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத் தபால் அனுபவத்தை ஒரு டிரைவிங் மாஸ்டர் மடக்கிவிட்டார். இல்லாத பக்கத்தைத் தேடித்தான் நாங்கள் பெட்ரோல் செலவழித்து வந்திருந்தோம்.

"அப்போ ஆபீசர் எழுதினது," என்றேன். "நீங்க ஆபீசர். கேஸ் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு கூம்பு பாக்கி இருக்கு, நாங்க கிளம்பறோம்."

"நாலு வருஷம் இருந்தேன்."

"பழக்கம் போயிடுமா சார்?"

"போகாது." சொல்லிவிட்டு மறுபடி கடிதத்தைப் பார்த்தார். இரண்டாம் பாராவில் அவர் கட்டைவிரல் நின்றது. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"என்னைக் கேப்டன்னு போட்டிருக்கு," என்றார்.

அண்ணி அந்த வரியை எட்டிப் பார்த்தாள்.

"ராணுவ கோர்ட்ல பறிச்சுட்டாங்க. ரேங்க், வேலை, எல்லாம். முப்பத்தாறு வருஷமா யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. நான் எழுதியிருந்தா இந்த வார்த்தை வந்திருக்காது." விரலை எடுக்காமலேயே பேசினார். "ரேங்க் இருந்திருந்தாலும் வராது. அடுத்தவங்களுக்கு விடாம போடணும். செத்துப்போனவனுக்கும் போடணும். தன்னைப் பத்தி எழுதறப்போ போட்டுக்கக் கூடாது. கடைசியில கையெழுத்துக்குக் கீழ மட்டும்தான்."

"அந்தக் கார்ப்பரல் எங்க இருக்கார்?" என்று கேட்டாள் அண்ணி.

"இறந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. கடைசி வாரத்துல ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். 'எனக்குக் கேட்டுச்சு சார், கேக்கலன்னு கோர்ட்ல சொல்லிட்டேன்'னு சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஜூஸ் ஏதாவது குடிக்கிறியான்னு கேட்டேன்."

வாசலில் அந்த அம்மாள் ஹாரன் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு ஜோக் வந்தது. வந்த வழியே திருப்பி அனுப்பினேன்.

"கோபம் வரலையா?" என்றாள் அண்ணி.

"வந்துச்சு. பத்து வருஷம் இருந்துச்சு. அப்புறம் அது பாட்டுக்குப் போயிடுச்சு. போறப்போ மத்ததையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். என் பொண்ணு கல்யாணத்துல வீடே அழுதுச்சு. நான் நாற்காலி எத்தனை வந்திருக்குன்னு எண்ணிட்டு நின்னேன்." கடிதத்தை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். "இதை ஒரு காப்பி எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க."

மெஷின் சூடாக நேரம் பிடித்தது. வந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? பிறகு அவர் போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, கூம்புகளுக்கு நடுவே காரை மறுபடி பின்னால் எடுக்கச் சொன்னார்.

காரில் ஏறியதும் நான் கணக்குப் போட்டேன். "மூணு பேர்ல ஒருத்தர் எழுதல. ஒருத்தர் உயிரோடயே இல்ல. ஆவிதான் அண்ணி எழுதியிருக்கு. ஆனா ஆவி கார்ப்பரலா இருந்ததால நம்பர் போடற பழக்கம் அதுக்கு வராது. இடிக்குது."

"மூணுல ரெண்டு போனா எத்தனை தம்பி?"

"ஒன்னு. அதான் காணோமே."

அண்ணி மடியில் இருந்த அச்சுப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் படங்கள் போட்ட பக்கங்கள். நூற்று எண்பத்தாறாம் பக்கத்தில் கை நின்றது. ஜெனரல் யாருக்கோ எழுதிய பழைய பாராட்டுக் கடிதத்தின் படம். அதன் கீழே பொடி எழுத்தில் நாலு வரி விளக்கம். படித்தாள். புத்தகத்தை மூடி இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவள் அப்படித்தான் உட்காருவாள்.

"ஜெனரல் வீட்டுக்குப் போங்க," என்றாள். "மணி நாலு ஆயிடுச்சு."

ஜெனரல் வீட்டு முன்னறைச் சுவரில் நாற்பது வருடமும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இடப்பக்கம் தொப்பி காதுவரை இறங்கிய இருபத்தோரு வயதுப் பையன். அங்கிருந்து வரிசையாகத் தோளில் நட்சத்திரம் ஏற ஏறத் தலையில் முடி இறங்கியிருந்தது. கடைசிப் படத்தில் இருந்தவர் அதற்கு நேர் கீழே, இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. ஓரத்தில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர், பிரிண்டர், தபால் உறைகள் ஒரு கட்டு. மகள் ஜன்னல் பக்கம் நின்றாள்.

"அவர்தானே?" என்றாள்.

"இல்ல," என்றாள் அண்ணி.

அண்ணி உட்காரவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய ஆபீசில் மேலதிகாரியிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"ஒன்னாம் நம்பர் பக்கம்னு ஒன்னு கிடையவே கிடையாது. இது ஆபீசர் எழுதற முறை. போன்ல இருந்த மூணு பேர்ல கார்ப்பரல் இறந்துட்டார். கேப்டன் எழுதியிருந்தா தன்னையே கேப்டன்னு சொல்லிக்க மாட்டார். இதுல பிரிகேடியர்ல இருந்து சமையல்காரர்வரைக்கும் எல்லாருக்கும் ரேங்க் இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் இல்ல. வெறுப்புனால விட்டுட்டாங்கன்னு நாம நினைச்சோம். அத்தனை வருஷம் பழகின கை, வெறுத்தாலும் ரேங்க் போட்டுத்தான் எழுதும். ஒரே ஒருத்தருக்குத்தான் போடாது."

அவள் ஜெனரலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காருக்குள் நான் தேடிய அந்த 'ஒன்னு' நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"தனக்கு," என்றாள் அண்ணி.

ஜெனரல் மறுக்கவில்லை. ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில நடக்கப் போறப்போ போட்டேன்," என்றார். "வேற வேற பெட்டியில."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று சொல்லலாம் என்று பார்த்தால், பூதம் இவ்வளவு பணிவாக இருந்தது. நான் மகள் பக்கம் திரும்பினேன். இந்தச் செய்தியில் அவள் இடிந்து போயிருக்க வேண்டும். அவளோ அதே முகத்துடன் நின்றாள்.

அண்ணியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இது புதுசு இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நூத்தி எண்பத்தாறாம் பக்கம். அப்பா எழுதின கடிதத்தைப் படமா போட்டிருக்கீங்க. அதுவும் நம்பர் இல்லாம தொடங்கி ரெண்டுக்குப் போகுது. ஏன் அப்படின்னு கீழ நீங்களே விளக்கம் எழுதியிருக்கீங்க. முதல் பக்கம் காணோம்னு எங்களைத் தேட அனுப்பினவங்களும் நீங்கதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று கேட்டிருக்கிறேன். புத்தகத்தில் படமாகவே போட்டுவிட்டு மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ரெண்டாவது கடிதத்துலயே தெரிஞ்சுது," என்றாள் மகள். "மூணு வருஷமா அவர் எழுதினதைத்தானே படிச்சுட்டிருக்கேன்."

"அப்புறம் ஏங்க எங்ககிட்ட வந்தீங்க?" என்று நான் கேட்டேன்.

"இல்லன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். கேப்டன்தான்னு உங்க லெட்டர்ஹெட்ல ஒரு தாள் இருந்தா அதை நம்பிடலாம்னு நினைச்சேன்."

ஜெனரல் முதல் முறையாக நிமிர்ந்தார். "ஒரே வீட்டுல இருக்கோம். தினமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடறோம். ஏழு கடிதம் போட்டேன். ஒன்னுக்காவது வந்து கேப்பேன்னு பார்த்தேன். ஏம்மா கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்கப்பா."

எனக்கு அந்தக் கிழவர்மேல் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று மதியத்திலிருந்து நான் சந்தித்த மூன்று பேருடைய மரத்துப்போன தன்மை எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்தேன்.

"மேல இருந்தா எல்லாரும் செத்துடுவாங்கன்னு நினைச்சு இறங்கச் சொன்னேன்," என்றார் ஜெனரல். "சொன்னது தப்புன்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுது. பிரிகேடியர் கேட்டார், 'நீ உத்தரவு குடுத்தியா'ன்னு. 'இல்ல சார்'னு வாயில வந்துடுச்சு. பயம் இல்ல. ஒன்னுமே தோணல. மெடல் குத்தறப்போ தோணும்னு பார்த்தேன். தோணல. நீ பொறந்து உன்னைக் கையில குடுத்தப்போகூட, இப்பவாவது ஏதாவது தோணுமான்னு நின்னேம்மா."

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எழுத உட்கார்ந்தா வார்த்தை எல்லாம் சரியா வருது. கையெழுத்துப் போடற இடத்துல கை நின்னுடுது. நாற்பது வருஷத்துல எது எதுக்கோ போட்ட கையெழுத்து." சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டார். "இனிமே போட்டு என்ன ஆகப்போகுது? அவனும் மறந்திருப்பான். கார் ஸ்கூல் வெச்சிருக்கானாமே. நல்லா இருக்கானா?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அண்ணி குறுக்கே பேசவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் எது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இது அந்த நேரம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"இல்ல சார்," என்றேன். "நல்லா இல்ல. உங்க கடிதத்துல அவரைக் கேப்டன்னு போட்டிருக்கீங்க. அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார்."

மகளின் போன் அடித்தது. சுவரில் மணி நாலு ஐம்பது. அச்சகம் பத்து நிமிடம் முந்திக்கொண்டுவிட்டது. அவள் எடுத்தாள். எதிர்முனையில் கேட்ட கேள்வி எங்களுக்கும் கேட்டது: ஓட்டலாமா?

அப்பாவைப் பார்த்தாள். சுவரில் நாற்பது வருடம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பாதிப் படங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு காலை தூக்கி நிறுத்தியிருந்தது.

"வேணாம்," என்றாள் போனில். "நாலாவது அத்தியாயம் மாறுது. அதுக்கப்புறம் வர்றதும் மாறும். நானே நேர்ல வர்றேன்."

போனை வைத்துவிட்டு, அண்ணியின் கையில் இருந்த ஏழாவது கடிதத்தை வாங்கி அப்பாவின் முன்னால் வைத்தாள். பேனா மூடியைக் கழற்றி அவர் விரல்களுக்கு நடுவே கொடுத்தாள். பேனா முனை தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அவள் குனிந்து, அவர் கையைப் பிடிக்காமல், தாளின் ஓரத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பெயரை எழுதினார். எழுத்து கோணலாக இறங்கியது.

"தேதியும் போடுங்கப்பா."

"எந்தத் தேதி?" என்றார். "அன்னிக்கா, இன்னிக்கா?"

"இன்னிக்கு," என்றாள் மகள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இத்தனை நாள் எடுத்துக்கிட்டீங்கன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்."

ஜெனரல் தலையாட்டிவிட்டு இன்றைய தேதியை எழுதினார்.